பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாடமாக்குங்கள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,



இந்தியாவில் விற்கும் உணவுப் பாக்கெட்டில் கட்டாயம் அச்சிட வேண்டிய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும் என்கிறது உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதி. கூடவே வேறொரு மொழியிலும் போடலாம். போடுவதும் போடாததும் நிறுவனத்தின் விருப்பம். தமிழ்நாட்டில் 1968 முதல் இருமொழிக் கொள்கை நடப்பில் இருக்கிறது. ஆக, நம் அரசுப் பள்ளிப் பிள்ளை ஒன்று, தான் வாங்கித் தின்னும் பிஸ்கெட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் அதற்கு ஆங்கிலத்தை விட்டால் வேறு வழியில்லை. அந்த ஆங்கிலத்தைச் சொல்லித்தருகிறவர்கள் நீங்கள். மருத்துவர்களுக்கோ அறிவியல் ஆசிரியர்களுக்கோ எழுதாமல் இந்த மடலை உங்களுக்கு எழுதுவது அதனால்தான்.

உணவு, உடல்நலம் என்ற தலைப்பில் நம் வகுப்பறைகளில் நடக்கும் ஆங்கிலச் சொல் பயிற்சி பெரும்பாலும் பெயர்களோடு நின்றுவிடுகிறது. சின்ன வகுப்பில் ஆப்பிளும் கேரட்டும். சற்று வளர்ந்ததும் புரோட்டீன், விட்டமின், மினரல். அதற்கு மேல் ‘பேலன்ஸ்டு டயட்’ பற்றி ஒரு பத்தி. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் கேரட்டுக்கு லேபிள் கிடையாது. அதைத் தின்ன ஆங்கிலம் தேவையில்லை. எந்தத் தின்பண்டத்தைப் பற்றி அறிய ஆங்கிலம் தெரிந்தே ஆக வேண்டுமோ, அதன் மேல் அச்சாகியிருக்கும் சொற்கள் நம் பாடத்துக்குள் வருவதில்லை. நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். உணவு பற்றிய ஆங்கிலச் சொற்களைப் பெயர்ச்சொல் பட்டியலாகக் கற்பிப்பதைக் குறைத்து, லேபிளின் மொழியாகக் கற்பியுங்கள். ஏனென்றால் லேபிளில் ஆளை ஏமாற்றுவதும் எச்சரிப்பதும் பெரும்பாலும் பெயர்ச்சொற்கள் அல்ல. அவற்றுக்கு முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சொற்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. அவற்றில் பலவற்றை நீங்கள் இலக்கணப் பாடத்தில் வேறு உதாரணங்களை வைத்து ஏற்கெனவே நடத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

சாதாரண கிரீம் பிஸ்கெட் பாக்கெட் ஒன்றைப் பிரித்து மேசைமேல் விரித்துப் பாருங்கள். ‘இன்கிரீடியன்ட்ஸ்’ என்று தொடங்கும் வரியில் முதலில் நிற்பது பெரும்பாலும் ‘ரீஃபைன்ட் வீட் ஃப்ளோர்’. பிள்ளைக்கு வீட் தெரியும், கோதுமை. ஃப்ளோர் தெரிந்திருந்தால் மாவு. கோதுமை மாவுதானே, நல்லதுதானே என்று மேலே போய்விடும். ரீஃபைன்ட் என்ற ஒரு சொல்லின் பொருள் தெரிந்தால்தான் அது மைதா, அதாவது தவிடும் முளையும் நீக்கப்பட்டு நார்ச்சத்தில் பெரும்பகுதியை இழந்த மாவு என்று விளங்கும். சட்டப்படி இந்தப் பட்டியல் எடை அதிகமான பொருளில் தொடங்கிக் குறைவானதில் முடிய வேண்டும். இந்த ஒரு விதியைச் சொல்லிக்கொடுத்தால் போதும், பட்டியலை வாசிக்கும் விதமே மாறிவிடும். இரண்டாவதாகச் சர்க்கரை இருக்கும். மூன்றாவதாகப் பாமாயில் இருக்கும். கீழே போனால் ‘இன்வர்ட் சுகர் சிரப்’, ‘லிக்விட் குளுக்கோஸ்’, ‘டெக்ஸ்ட்ரோஸ்’ என்று வரக்கூடும். இவை எல்லாமே சர்க்கரை வகைதான். ஒரே இனத்தைச் சேர்ந்தவை மூன்று நான்கு பெயரில் பிரிந்து நிற்கும்போது ஒவ்வொன்றின் எடையும் தனித்தனியாகச் சிறுத்து, பட்டியலில் கீழே இறங்கிவிடுகிறது. கூட்டிப் பார்த்தால் சில பண்டங்களில் மாவையே மிஞ்சும். இந்தக் கூட்டலைச் செய்யப் பிள்ளைக்கு வேண்டியது வேதியியல் அல்ல, ஐந்தாறு சொற்கள்.

ரீஃபைன்ட் என்பது ஒரு பாஸ்ட் பார்ட்டிசிபிள். பாக்கெட் முழுக்க இந்த வகைச் சொற்கள்தான்: ஹைட்ரஜனேட்டட், ஃபார்ட்டிஃபைடு, ஃப்ளேவர்டு, ஸ்வீட்டன்டு, ரீகான்ஸ்டிட்யூட்டட், ப்ராசஸ்டு. ஒவ்வொன்றும் அந்த உணவுக்கு யாரோ எதையோ செய்திருக்கிறார்கள் என்று சொல்கிறது. யார், எப்படி, ஏன் என்று சொல்லாமல் விட்டுவிடுகிறது. பாஸிவ் வாய்ஸ் பாடத்தில் இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா? ‘தி லெட்டர் வாஸ் ரிட்டன் பை ராமா’ என்று எத்தனை வருடமாகக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறோம். அதற்குப் பதிலாக, ‘தி ஃப்ளோர் வாஸ் ரீஃபைன்ட்’ என்று எழுதி, மாவிலிருந்து எடுக்கப்பட்டது எது என்று கேட்கலாம். ஆரஞ்சுச் சாற்றுப் பெட்டியில் ரீகான்ஸ்டிட்யூட்டட் என்று இருந்தால், பழச்சாற்றைச் சுண்டவைத்துக் கெட்டியாக்கி, பிறகு தண்ணீர் விட்டு மீண்டும் சாறாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். அப்படித் தயாரித்த பானங்களில் நூறு சதவீதப் பழச்சாறு என்று போடக்கூடாது என 2024 ஜூனில் ஆணையமே உத்தரவிட வேண்டியிருந்தது. எண்ணெய்க்கு முன்னால் ஹைட்ரஜனேட்டட் வந்தால் இன்னும் ஒரு சொல்லைத் தேட வேண்டும்: ‘பார்ஷலி’. வனஸ்பதியில் மாரடைப்போடு தொடர்புடைய டிரான்ஸ் கொழுப்பு உண்டானது எண்ணெயைப் பகுதி அளவில் ஹைட்ரஜனேற்றம் செய்ததால்தான். முழுமையாகச் செய்தால் டிரான்ஸ் கொழுப்பு அநேகமாக மிஞ்சாது, அது நிறைவுற்ற கொழுப்பாகிவிடும். வினையுரிச்சொல் ஒன்று இருக்கிறதா இல்லையா என்பதில் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது. எண்ணெய், கொழுப்புப் பொருள்களில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் அந்த வினையுரிச்சொல்லைப் படித்துப் புரிந்துகொண்ட வாடிக்கையாளர்கள் மிகக் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள்.

பாக்கெட்டின் முன்பக்கத்துக்கு வந்தால் வேறு வகைச் சொற்கள்: ஃப்ரீ, லோ, ரிட்யூஸ்டு, நோ ஆடட். கேட்பதற்கு எல்லாம் ஒரே குரலில் ‘இது நல்லது’ என்று சொல்வதுபோல இருக்கும். சட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணக்கு. சுகர் ஃப்ரீ என்றால் 100 கிராமில் சர்க்கரை 0.5 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. லோ ஃபேட் என்றால் திடப்பொருளில் 100 கிராமுக்கு 3 கிராம், திரவத்தில் 100 மில்லிக்கு 1.5 கிராம் கொழுப்புதான் உச்ச அளவு. ரிட்யூஸ்டு அப்படிப்பட்ட உச்ச அளவு எதையும் தொடுவதில்லை. அது வெறும் ஒப்பீடு, இன்னொரு பொருளைவிட 25 சதவீதமாவது குறைவு என்று மட்டும் சொல்கிறது. 100 கிராமில் 36 கிராம் கொழுப்புள்ள சிப்ஸ் 27 கிராமுக்கு வந்தால் ரிட்யூஸ்டு ஃபேட் என்று எழுதிக்கொள்ளலாம்; லோ ஃபேட் வரம்பைப்போல ஒன்பது மடங்கு அதில் இருக்கும். டிகிரீஸ் ஆஃப் கம்பேரிசன் நடத்தும்போது ‘லெஸ் தேன்’ என்றால் எதைவிடக் குறைவு என்று உடனே கேட்கும் பழக்கத்தைப் பிள்ளைக்கு ஏற்படுத்திவிட்டால், விளம்பர உலகத்தில் பாதியை அது தானே சமாளித்துக்கொள்ளும். நோ ஆடட் சுகர் என்ற சாற்றில் பழத்தின் சொந்தச் சர்க்கரை அப்படியே இருக்கும். பழச்சாற்றில் உள்ள சர்க்கரையையும் உலக சுகாதார நிறுவனம் குறைத்துக்கொள்ள வேண்டிய சர்க்கரையாகவே எண்ணுகிறது. நம் ஊரில் ‘சுகர்’ என்றாலே நோயின் பெயர். அந்த நோய் உள்ளவர் சுகர் ஃப்ரீ என்று போட்ட பிஸ்கெட்டை, தனக்கென்றே செய்தது என்று நம்பி, எண்ணிக்கை பார்க்காமல் தின்பது எந்தத் தெருவிலும் நடக்கிறது. மைதா வயிற்றுக்குள் போய் குளுக்கோஸாகத்தான் மாறும் என்பதை அந்த இரண்டு சொற்கள் சொல்வதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு 2023இல் வெளியானபோது நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் என்று மதிப்பிட்டது. உங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் பலருடைய வீட்டில் அந்த மதிப்பீட்டுக்குள் அடங்கும் ஒருவராவது இருப்பார். அந்த வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் அநேகமாக உங்கள் மாணவரோ மாணவியோதான்.

எண்கள் வரும் அட்டவணையும் மொழிப்பாடம்தான். ‘பெர் 100 கிராம்’, ‘பெர் சர்வ்’ என்ற இரண்டு பத்திகளுக்கும் உள்ள வித்தியாசம் ‘பெர்’ என்ற சொல்லுக்குள் இருக்கிறது. ஒரு சர்வ் எவ்வளவு என்று தீர்மானிப்பது நிறுவனம். பாக்கெட் முழுவதையும் ஒரே மூச்சில் காலி செய்யும் பிள்ளைக்கு அது மூன்று பிஸ்கெட்டுக்கான கணக்கு என்று தெரிய வேண்டும். அதே அட்டவணையில் ஆர்.டி.ஏ., அதாவது ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கும் அளவு, என்று ஒரு சதவீதம் இருக்கும். ஒரு நாளைக்கு 2000 கிலோகலோரி, சேர்த்த சர்க்கரை 50 கிராம், சோடியம் 2000 மில்லிகிராம் என்ற அடிப்படையில் அந்தச் சதவீதத்தைப் போடுகிறார்கள். அது வளர்ந்தவர்களுக்கான அளவு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 1360 கிலோகலோரிதான். சர்க்கரை மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பை அந்தக் குழந்தைக்குப் பொருத்தினால் 34 கிராம் வருகிறது. கார்ட்டூன் படம் போட்டுக் குழந்தைகளுக்கென்றே விற்கும் பாக்கெட்டின் பின்னால் 40 சதவீதம் என்று இருந்தால், அதாவது 20 கிராம் சர்க்கரை இருந்தால், அந்தக் குழந்தையின் கணக்கில் அது 60 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. சோடியத்தை உப்பாக மாற்ற இரண்டரையால் பெருக்க வேண்டும். 1000 மில்லிகிராம் சோடியம் என்றால் இரண்டரை கிராம் உப்பு, ஒரு நாளைய அளவில் பாதி. இந்தக் கணக்கை எட்டாம் வகுப்புப் பிள்ளை கண்ணிமைக்கும் நேரத்தில் போடும். ‘பெர்சென்ட் ஆஃப் வாட்?’ என்று கேட்க யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால்.

இதெல்லாம் தெரியாவிட்டால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று கேட்பவர்களுக்கு ஓ.ஆர்.எஸ். விவகாரத்தை நினைவூட்டுகிறேன். வயிற்றுப்போக்கில் குழந்தையின் உடல் இழக்கும் நீரையும் உப்பையும் திருப்பித்தர உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஓ.ஆர்.எஸ். கரைசலில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கும், அதோடு அளந்து சேர்த்த உப்புகள். அந்த விகிதம் முக்கியம். சர்க்கரை கூடினால் அது குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றுப்போக்கை இன்னும் கடுமையாக்கும். ஆனால் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டு, அதைப்போலப் பல மடங்கு சர்க்கரையுள்ள பானங்கள் மருந்துக்கடை அலமாரியிலேயே விற்பனையாயின. ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் இதை எதிர்த்துப் போராடினார். இடையில் ஆணையம் கண்ட சமரசம் என்ன தெரியுமா? பெயரை வைத்துக்கொள்ளலாம்; ஆனால் இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ஓ.ஆர்.எஸ். கலவை அல்ல என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைப் போட்டுவிட வேண்டும் என்பதுதான். 2025 அக்டோபரில் அந்த அனுமதியை ஆணையம் திரும்பப் பெற்று, அந்த எழுத்துகளைப் பெயரில் பயன்படுத்தவே தடை விதித்தது. அதுவரை, சுருண்டு கிடக்கும் குழந்தைக்காக மருந்துக்கடைக்கு ஓடிய தாய்க்கும் தவறான பானத்துக்கும் நடுவே நின்றது ‘நாட்’ என்ற ஒரு சொல் கொண்ட வாக்கியம் மட்டுமே. அந்த வாக்கியத்தைத் தேடிப் படிக்க வேண்டும் என்று அவருக்கு எந்த வகுப்பில் சொல்லித்தந்தோம்?

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படும் பகுதிக்கு வருகிறேன்: ஆபத்தைப் பேசும் மொழி. ‘கன்டெய்ன்ஸ் நட்ஸ்’ என்றால் கொட்டை சேர்த்திருக்கிறார்கள். ‘மே கன்டெய்ன் நட்ஸ்’ என்றால் சேர்க்கவில்லை. அதே ஆலையில் கொட்டைகளும் கையாளப்படுவதால் கலந்திருக்க வாய்ப்புண்டு. கொட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு இரண்டுமே எச்சரிக்கை, ஆனால் வேறு வேறு எச்சரிக்கை. ‘பெஸ்ட் பிஃபோர்’ சுவையையும் தரத்தையும் பற்றியது. ‘யூஸ் பை’, ‘எக்ஸ்பைரி’ பாதுகாப்பைப் பற்றியவை. மே, கேன், குட், மஸ்ட் என்று மோடல் வெர்ப் பாடம் எல்லா வகுப்பிலும் வருகிறது. பெர்மிஷன், பாசிபிளிட்டி, ஆப்ளிகேஷன் என்று பிள்ளைகள் தலைப்புகளையும் ஒப்பிக்கிறார்கள். ஆனால் ‘ஈட்டிங் திஸ் மே காஸ்’ என்பதற்கும் ‘காசஸ்’ என்பதற்கும், ‘லிங்க்டு டு’ என்பதற்கும் ‘லீட்ஸ் டு’ என்பதற்கும் நடுவில் உள்ள தூரத்தை அளக்க யாரும் பழக்குவதில்லை. செய்தித்தாளும் கைப்பேசியும் தினமும் இந்தத் தூரத்தைத் துடைத்தழிக்கின்றன.

2023 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். சர்க்கரைக்குப் பதிலாகப் பல பானங்களிலும் மாத்திரைகளிலும் சேரும் அஸ்பார்டேம் என்ற இனிப்பூட்டியை, உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ‘பாசிபிளி கார்சினோஜெனிக்’ என்ற பிரிவில் வைத்தது. அதே நாளில், அதே நிறுவனத்தின் உணவுச் சேர்க்கைப் பொருள் நிபுணர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை ஒரு நாளில் உட்கொள்ளலாம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. இரண்டும் முரண் அல்ல. முதல் குழு பேசியது ஹசார்டு பற்றி, தீங்கு செய்யும் தன்மை அதற்கு உண்டா என்று. இரண்டாவது குழு பேசியது ரிஸ்க் பற்றி, நாம் உட்கொள்ளும் அளவில் தீங்கு நேரும் வாய்ப்பு எவ்வளவு என்று. ஊருக்கு வெளியே கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு இருக்கிறது என்பது முதலாவது. இருட்டில் அந்தப் பக்கம் யார், எத்தனை தடவை நடக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது இரண்டாவது. 70 கிலோ எடையுள்ளவர் அந்த வரம்பைத் தாண்ட, ஒரு கேனில் 200 முதல் 300 மில்லிகிராம் அஸ்பார்டேம் இருக்கும் டயட் பானத்தை நாளுக்கு 9 முதல் 14 கேனுக்கு மேல் குடிக்க வேண்டும் என்று நிறுவனமே விளக்கியது. அந்தப் பாசிபிளி பிரிவிலேயே கற்றாழை முழு இலைச் சாறும், ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறிகளும் இருக்கின்றன. ஆனால் வீடுகளுக்கு வந்து சேர்ந்த செய்தி, அஸ்பார்டேம் புற்றுநோய் தரும் என்பதுதான். அதைக் கேட்டு, மருத்துவர் யோசனையில் சர்க்கரையை விட்டிருந்த ஒருவர் மறுபடி சர்க்கரைக்குத் திரும்பினால், அளவில்லாத பயத்துக்காக அளவு தெரிந்த கேட்டை வாங்கிக்கொண்டார் என்று அர்த்தம். 2015இல் பதப்படுத்திய இறைச்சி புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் சேர்ந்தபோதும் இதே குழப்பம்தான். பிரிவு சொல்வது ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதை. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல. தினம் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்ற வாக்கியத்தை, நூற்றில் 18 பேருக்கு வரும் என்று படித்தவர்கள் படிப்பறிவில்லாதவர்கள் அல்லர். நூறு பேரில் ஆறு பேருக்கு வரக்கூடிய நோய் ஏழு பேருக்கு வரும் என்பதுதான் அந்தச் சதவீதத்தின் அளவு. ‘பை 18 பெர்சென்ட்’, ‘டு 18 பெர்சென்ட்’: இரண்டெழுத்துச் சொல் ஒன்று மாறுகிறது, அவ்வளவுதான்.

உங்களில் சிலர் இந்நேரம் கேட்க நினைத்திருப்பீர்கள்: இதற்குத் தீர்வு லேபிளைத் தமிழில் போடச் சொல்வதல்லவா, கோடிக்கணக்கான மக்களை ஆங்கிலம் படிக்கச் சொல்வதா? நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் விற்கும் உணவுப் பாக்கெட்டில் தமிழ் கட்டாயம் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. விதி அதைத் தடுக்கவில்லை, நிறுவனங்கள்தான் செய்வதில்லை. அந்தக் கோரிக்கையை உரக்கவே எழுப்ப வேண்டும். ஆனால் அது நிறைவேறும்வரை, இன்று ஏழாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை எதைப் படிக்கும்? மேலும் லேபிள் தமிழுக்கு வந்தாலும் ‘25 சதவீதம் குறைக்கப்பட்டது’ என்பதைக் கேள்வி கேட்கும் பழக்கம் தானாக வந்துவிடாது. அந்தப் பழக்கத்தை எந்த மொழியில் கற்றாலும் இன்னொரு மொழிக்கு அது கூடவே வரும். லேபிளை நன்றாகப் படிக்கத் தெரிந்த தலைமுறைதான் அது தமிழில் இல்லையே என்று கோபப்படவும் செய்யும்.

சொற்களே வேண்டாம், படம் போதும் என்பவர்களும் உண்டு. சிலி நாடு 2016இல் சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு, கலோரி மிகுந்த உணவுகளின் முகப்பில் கறுப்பு எண்கோண முத்திரையைக் கட்டாயமாக்கியது. விளம்பரக் கட்டுப்பாடுகளோடு சேர்ந்து அது வந்த பிறகு, முத்திரை விழும் அளவுக்கு இனிப்பான பானங்களின் கொள்முதல் ஏறத்தாழ 24 சதவீதம் குறைந்ததாக ஆய்வு காட்டியது. அருமையான ஏற்பாடு. இந்தியாவில் 2022இல் அதற்கு மாற்றாக நட்சத்திர மதிப்பீட்டு வரைவு ஒன்று வெளியாகி, அதன்மேல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சட்டம் எவ்வளவு மெதுவாக நடக்கும் என்பதற்கு இதுவே சாட்சி. முத்திரை வந்தாலும் அது அதிகம் என்றுதான் சொல்லும். எது, எவ்வளவு, யாருக்கு என்பதைப் பின்பக்கம்தான் சொல்லும்.

நம் பிள்ளைகள் ஏழைகள், பெரிய பாக்கெட் வாங்க அவர்களிடம் காசு ஏது என்றும் ஒரு வாதம் வரும். மதியம் பள்ளியில் சாப்பிடும் அதே பிள்ளைகள்தான் மாலையில் ஐந்து ரூபாயோடு பெட்டிக்கடைக்குப் போகிறார்கள். அவர்களுக்காகவே சரம் சரமாகத் தொங்குகின்றன சின்ன பாக்கெட்டுகள். இங்கே கவனிக்க வேண்டிய ஒரு விதி இருக்கிறது: மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாத பாக்கெட்டில் உட்பொருள் பட்டியலும் ஊட்டச்சத்து அட்டவணையும் அச்சிடத் தேவையில்லை, அவற்றை மொத்தமாக வரும் பெரிய உறையில் போட்டால் போதும். அந்த உறை கடைக்காரர் கையோடு குப்பைக்குப் போய்விடுகிறது. ஆக, மிகக் குறைந்த காசுக்கு வாங்கும் பிள்ளைக்குத்தான் மிகக் குறைந்த தகவல் கிடைக்கிறது. அந்தப் பெரிய உறையைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிவரச் சொல்வது ஒரு நல்ல வீட்டுப்பாடம்.

இது அறிவியல் ஆசிரியரின் வேலை என்று சொன்னால் பாதி சரி. நிறைவுற்ற கொழுப்பு ரத்தக்குழாயில் என்ன செய்யும் என்பது அவர் பாடம். ‘லோ’வும் ‘ரிட்யூஸ்டு’ம் ஒன்றல்ல என்பது உங்கள் பாடம். அதை அவர் நடத்த மாட்டார். அவர் பாடத்தில் அதற்கு இடமில்லை.

எனக்கு உண்மையிலேயே கவலை தரும் மறுப்பு ஒன்று இருக்கிறது. இப்படி ஒவ்வொரு கவளத்தையும் கணக்குப் பார்க்கப் பழக்கினால், வளரும் வயதுப் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், சாப்பாட்டைக் கண்டே பயப்படத் தொடங்கிவிட மாட்டார்களா? பருமனாக இருக்கும் பிள்ளையை வகுப்பே திரும்பிப் பார்க்காதா? மற்றொரு வீட்டில் அந்தப் பாக்கெட்தான் இரவுச் சாப்பாடாக இருந்தால்? இந்தக் கேள்விகளை ஒதுக்கிவிட்டுப் பாடம் நடத்தக் கூடாது. அதனால் சில எல்லைகளை முன்கூட்டியே வகுத்துக்கொள்வது நல்லது. வகுப்பில் ஆராய்வது பாக்கெட்டை. யாருடைய சாப்பாட்டு டப்பாவையும் அல்ல, யாருடைய எடையையும் அல்ல. நேற்று என்ன சாப்பிட்டாய் என்ற கேள்வியே வேண்டாம். நல்ல உணவு, கெட்ட உணவு என்ற முத்திரை வேண்டாம்; அது ஆங்கிலப் பாடத்தின் வேலையும் இல்லை. இந்த வாக்கியம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது, எவ்வளவு உறுதியாகச் சொல்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்படி நடத்தினால் பயம் குறையும் என்றே நம்புகிறேன். பயத்தைப் பரப்புவது கணக்கு அல்ல, கணக்கில்லாத செய்தி. ‘மே’ என்ற சொல்லின் எடையை அறிந்த பிள்ளை, கைப்பேசியில் வரும் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் பாட்டியைக் கலங்கவிடாது. கலங்க வேண்டிய இடத்தில் சும்மாவும் இருக்காது.

கடைசியாக நேரமும் தேர்வும். பாடத்திட்டத்தை முடிப்பதே போராட்டமாக இருக்கையில் இன்னொரு சுமையா என்பீர்கள். புதிய பாடம் எதையும் நான் கேட்கவில்லை. மோடல், கம்பேரிசன், பாஸிவ், ப்ரிபோசிஷன் எல்லாம் உங்கள் அட்டவணையில் ஏற்கெனவே இருப்பவை. உதாரணத்தை மட்டும் மாற்றச் சொல்கிறேன். வகுப்பில் எட்டுப் பத்துக் காலி உறைகள் இருந்தால் போதும், செலவே இல்லை. ஒரே சொல் வெவ்வேறு உறைகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதால் மனப்பாடம் செய்யாமலே அது மனதில் தங்கும். சொல் பயிற்சி பற்றிய ஆராய்ச்சிகளும் பல இடங்களில் பல முறை சந்திக்கும் சொல்தான் நிலைக்கும் என்கின்றன. தேர்வுக்கு வராத எதுவும் வகுப்பில் நிற்காது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே உங்களில் வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் நேராகவே ஒரு வேண்டுகோள். வரும் அரையாண்டுத் தேர்வில் பேலன்ஸ்டு டயட் பத்தியை எடுத்துவிடுங்கள். நிறுவனப் பெயர் மறைத்த ஒரு லேபிளை அச்சிட்டு, கீழே மூன்று கேள்விகள் வையுங்கள்: இந்தப் பொருளில் எடையில் மிகுந்தது எது? ரிட்யூஸ்டு என்று எழுதியிருக்கிறதே, எதைவிட? கொட்டை ஒவ்வாமை உள்ள நண்பர் இதைத் தின்னலாமா, எந்தச் சொல்லை வைத்து அப்படிச் சொல்கிறாய்? விடைகளை ஆங்கிலத்தில் ஒவ்வொரு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் ஐந்து போதும்.

அன்புடனும் மரியாதையுடனும்,
உங்கள் மாணவர்களின் நலம் நாடும் ஒருவர்